பிரேக் பிடிக்கலை என்றாள்

கோத்தகிரி மலைச்சாலை மேட்டுப்பாளையத்தை விட்டு மேலே ஏறத் தொடங்குகிற இடத்தில் எஸ்தரின் சைக்கிள் பட்டறை இருந்தது. ஞாயிறு விடிந்தால் கோயம்புத்தூரிலிருந்து ரோடு பைக் என்கிற பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள். மலை ஏறப் போகிறவர்கள் கியரைக் காட்டுவார்கள். இறங்கி வந்தவர்கள் பிரேக்கைக் காட்டுவார்கள்.

எஸ்தருக்கு முப்பது வயது இருக்கும். நெட்டை. விரல்களும் நீளம். பேச்சு மட்டும் கட்டை. கேட்டதற்குப் பதில் சொல்வதைவிட ஸ்பேனரை எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

சீடர் சென்னியப்பன் ஐம்பதைத் தாண்டியவர். பம்புசெட் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து, கம்பெனி மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். மகள் தரணிகா பந்தய சைக்கிள் ஓட்டுகிறவள். அவள் ஏறி உட்காருகிற வண்டியை அடுத்தவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் தானே வேலை கற்றுக்கொள்ள வந்துவிட்டார்.

வந்த முதல் நாளே எஸ்தரை அவர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

"எஸ்தர்னே கூப்பிடுங்கண்ணா. உங்க வயசுக்கு..."

"வயசு கெடக்குதுங்க. வேலை கத்துக்குடுக்கறவங்க மாஸ்டர்தானுங்க."

அந்த விஷயத்தில் அவரை அசைக்க முடியவில்லை.

சென்னியப்பனுக்குக் கையில் நல்ல பலம். அகலமான உள்ளங்கை, குட்டையான, கனமான விரல்கள். கம்பெனியில் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த பம்பும் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் அதன் தண்டை அவர் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் லாரியில் ஏற்றுவார்கள். அதற்குக் கை பார்ப்பது என்று பெயர். "மீட்டர் பொய் சொல்லும், என்ற கை சொல்லாது" என்று தன் கையைக் காட்டுவார். கொஞ்சம் கர்வம்தான். ஆனால் அவர் கை பார்த்து அனுப்பியது எதுவும் திரும்பி வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு வண்டி வந்தது. முன் சக்கரம் சுற்றும்போது ஒரு பக்கத்துப் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே இருந்தது. மறுபக்கத்துக் கட்டை விலகி நின்றது. சென்னியப்பன் பிரேக்கை இந்தப் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கம் தள்ளினார். திருகைத் தளர்த்தினார், இறுக்கினார். சாப்பாடு ஆறிப்போனது. ஒரு வழியாக இரண்டு கட்டைக்கும் சம இடம் விட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு எஸ்தரைக் கூப்பிட்டார்.

எஸ்தர் பிரேக்கைத் தொடவே இல்லை. சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி, ஹேண்டில்பாரை மேலிருந்து ஓர் அமுக்கு அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம் வந்தது. பிடியை மறுபடி இறுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். இப்போது அது எதிர்ப்பக்கத்துக் கட்டையில் உரசியது.

"அய்யோ, நடுவுல வெச்சிருந்தேனுங்களே!"

"சக்கரம் கோணலா உக்காந்திருந்துச்சு. நீங்க அதுக்குத் தோதா பிரேக்கையும் கோணலாக்கிட்டீங்க."

"அப்ப பிரேக்குல கோளாறே இல்லீங்களா?"

"இல்லாமதான் இருந்துச்சு. இப்ப இருக்குது. சாப்பிட்டுட்டு வந்து சரி பண்ணுங்க."

சென்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை. ஆசையாக இருந்தது. இப்படி ஒரு கண் தனக்கு எப்போது வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

இன்னொரு நாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் டிஸ்க் பிரேக் வண்டியோடு வந்தார். பிரேக்கைப் பிடித்தால் அது போட்ட கூச்சலில் எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் இல்லை. சென்னியப்பன் கருவிப் பெட்டியைத் திறந்துவிட்டார். எஸ்தர் வண்டியைப் பார்க்காமல் வந்தவரைப் பார்த்தார்.

"கடைசியா வண்டிக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"கழுவுனீங்களா?"

"இல்லீங்க. செயினுக்கு மட்டும் எண்ணெய் ஸ்பிரே அடிச்சேன். அதுவும் ரொம்ப நல்ல எண்ணெய்."

எஸ்தர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பின் சக்கரத்தின் டிஸ்க்கைத் துடைத்து அவரிடமே கொடுத்தார். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க் மேலேயும் பட்டு, கட்டைக்குள் ஊறிவிட்டது. ஸ்பிரிட் போட்டு டிஸ்க்கைத் துடைத்து, ஊறிய கட்டையை எறிந்துவிட்டுப் புதுக் கட்டை போட்டதும் கூச்சல் நின்றது.

அன்று வீட்டில் தட்டில் கையை வைத்துக்கொண்டு சென்னியப்பன் மனைவியிடம் சொன்னார். "சத்தம் வந்தா நாமெல்லாம் பிரேக்கைப் பாப்போம். மாஸ்டர் ஆளைப் பாக்கறாங்க. அதுதான் அவங்களுக்கும் நமக்கும் வித்தியாசம்."

எவ்வளவு சரியாகச் சொன்னார் பாருங்கள். சொன்னதோடு சரி.

தரணிகா பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை. அவளோடு ஏறுகிற பையன்கள் வழியெல்லாம் அவள் பின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆனால் உச்சியைத் தொட்டுத் திரும்பிவிட்டால், ஏற்றத்தில் அவள் விட்டுவந்த அத்தனை பேரும் இறக்கத்தில் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் மட்டும் சாலையோரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்குவாள்.

"அப்பா, பிரேக் பிடிக்கலை" என்றாள்.

சென்னியப்பன் லிவரை அழுத்திப் பார்த்தார். வண்டி கல்லாக நின்றது. ஆனாலும் மகள் சொல்கிறாளே என்று கட்டையை மாற்றினார். திரும்பி வந்து, பிடிக்கலை என்றாள். ஒயரை மாற்றினார். ஒயர் போகிற குழாயை மாற்றினார். ரிம்மைத் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் கையால் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றது. ஒவ்வொரு தடவையும் மகள் மலையிலிருந்து இறங்கி வந்து அதையேதான் சொன்னாள்.

அவளுடைய சைக்கிள் கிளப்பில் ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். கோத்தகிரி வரை ஏறி, திரும்ப இறங்க வேண்டும். முதலில் வருகிற பெண்ணைப் புனே பயிற்சி முகாமுக்கு அனுப்புவார்கள். தரணிகா சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது அதற்குத்தான். சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும், ஞாயிறு தேர்வு.

அதற்கு முந்தைய வாரம் பயிற்சியில் அவள் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் போய்ப் புதரில் விழுந்தாள். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. நல்லவேளை, அந்த இடத்தில் பள்ளம் இல்லை.

சென்னியப்பன் ஆடிப்போய்விட்டார். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு நேராக வண்டியிடம் போனார். அழுத்தினார். நின்றது. உருட்டி அழுத்தினார். நின்றது. தானே ஏறி ஓட்டி அழுத்தினார். பின் சக்கரம் தூக்கிக்கொள்கிற அளவுக்கு நின்றது.

"பிரேக் நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றார். "உனக்குத்தான் பயம்."

அதன் பிறகு பிரேக்கைப் பற்றித் தரணிகா பேசவே இல்லை. திங்கட்கிழமை பழைய போர்வை ஒன்றை எடுத்து வண்டியைப் போர்த்திவிட்டாள்.

"ஏனம்மிணி, பயிற்சிக்குப் போகலையா?"

"நீங்க சொன்னது சரிதான்ப்பா. எனக்குப் பயமாத்தான் இருக்குது. நான் பேர் குடுக்கலை."

அப்பா சொன்னதை மகள் நம்பிவிட்டாள். பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ நல்லது சொல்கிறோம். அதையெல்லாம் காதில் வாங்காமல் விட்டுவிட்டு, இப்படி ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் பட்டறையில் சென்னியப்பன் வேலையே செய்யவில்லை. கழற்றிய திருகை மறுபடி மாட்டுவதும், மாட்டியதைக் கழற்றுவதுமாக இருந்தார். எஸ்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்கவில்லை. கடைசியில் அவரே வந்தார்.

"மாஸ்டர், பயத்துக்கு என்ன பண்றதுங்க?"

"எந்த வண்டி?"

"வண்டி இல்லீங்க. மகளுக்கு. எறக்கத்துல பயப்படறா. ஏத்தத்துல புலியாட்ட ஏறறா, எறங்கறப்ப கை கால் எல்லாம் வெறைச்சுப்போகுது. இப்ப வண்டியே வேண்டாம்னு போர்வையைப் போட்டு மூடிட்டாளுங்க."

"வண்டி எப்படி இருக்குது?"

"வண்டியில அப்பழுக்கு சொல்ல முடியாதுங்க. கட்டை புதுசு. ஒயர் புதுசு. ரிம்மு சுத்தம். சக்கரம் நேரா உக்காந்திருக்குதான்னு மொதல்ல அதைத்தான் பாத்தேன்." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "பாக்க ஒண்ணும் பாக்கி வெக்கலீங்க. எல்லாம் நானே கை பாத்துட்டேன்."

எஸ்தர் அவர் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தார்.

"நாளைக்கு வண்டியை எடுத்துட்டு வாங்க."

"அவ வண்டியைங்களா?"

"இல்ல. உங்க வண்டியை."

சென்னியப்பன் தினமும் பட்டறைக்கு வருவதே ஒரு பழைய ரோடு பைக்கில்தான். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் உள்ள வண்டி. மறுநாள் அதை எஸ்தரிடம் கொடுத்துவிட்டு, எதற்கென்று புரியாமல் நின்றார். டீ வாங்கி வாங்கண்ணா என்று எஸ்தர் அனுப்பிவைத்தார். டீயோடு திரும்பி வந்தபோது வண்டி தயாராக இருந்தது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு மண்பாதை சரிவாக இறங்கி வாழைத்தோப்பில் போய் முடியும். பிரேக் வேலை பார்த்த வண்டிகளை அதில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். சென்னியப்பனுக்கு அது வீட்டு வாசல் மாதிரி.

"கீழ் வளைவைப் பிடிச்சு எறங்குங்கண்ணா. மலை எறக்கத்துல பிடிக்கற மாதிரி."

"இது என்ன பெரிய காரியமுங்க" என்று ஏறி உட்கார்ந்தார்.

பாதி வழி வரை ஒன்றுமில்லை. வேகம் கூடியதும் வழக்கம் போல விரலை நீட்டினார். லிவர் அங்கே இல்லை. இன்னும் நீட்டினார். விரல் நுனிதான் பட்டது. நுனியால் இழுத்தார். லிவர் லேசாக அசைந்தது, வண்டி அசராமல் ஓடியது. விரல் முழுதாக எட்ட வேண்டுமானால் உள்ளங்கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தார். ஹேண்டில்பார் ஆடியது. பயந்து மறுபடி பிடித்தார். பிடித்ததும் லிவர் எட்டவில்லை. பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில்பார் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தால் பிரேக் இல்லை. என்ன செய்வதென்று முடிவு செய்வதற்குள் வாழைத்தோப்பு வந்துவிட்டது.

வாழை மரம் நல்ல மரம். ஒன்று சாய்ந்து அவரைத் தாங்கிக்கொண்டது.

சட்டையெல்லாம் சேறும் சருகுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். மூச்சு வாங்கியது.

"பிரேக் பிடிக்கலீங்க மாஸ்டர்!"

"எங்க, குடுங்க."

எஸ்தர் ஏறி அதே சரிவில் இறங்கினார். அதே கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு, பாதியில் நீளமான இரண்டு விரலை நீட்டி அழுத்தினார். வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது. திரும்பி ஏறி வந்து வண்டியை அவர் பக்கம் சாய்த்தார்.

"பிடிக்குதே."

"அதெப்படிங்க? எனக்குப் பிடிக்கலையே!"

"பிரேக் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. உங்களுக்குத்தான் பயம் போல."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மாஸ்டர் என்றும் பார்க்கவில்லை.

"பயமா? எனக்கா? உருக்குன இரும்பை ஊத்தற எடத்துல நின்னு வேலை செஞ்சவனுங்க நான். என்னைப் பாத்துப் பயம்ங்கறீங்களே! விரல் எட்டுனாத்தானுங்களே பிரேக்..."

பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

லிவரைப் பார்த்தார். அதை ஹேண்டில்பார் வளைவில் கொஞ்சம் கீழே இறக்கி, வெளியே தள்ளி வைத்திருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. தன் கையைப் பார்த்தார். பிறகு அவருக்கு இன்னொரு கை நினைவுக்கு வந்தது. வீட்டில் ஊறுகாய் ஜாடியின் அடியில் கிடப்பதை எடுக்க வேண்டுமானால் மனைவி தரணிகாவைத்தான் கூப்பிடுவாள். அந்தக் குறுகிய வாய்க்குள் அவள் கை ஒன்றுதான் நுழையும். வளையல் கடையில் இன்றைக்கும் குழந்தைகள் அளவுதான் அவளுக்குச் சரியாக இருக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? அவர்தானே கூட்டிப் போய் வாங்கிக் கொடுக்கிறவர்.

சென்னியப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். சொல்வதற்கு என்ன வெட்கம், விம்மி விம்மி அழுதார்.

எஸ்தர் தேற்றவில்லை. ஆறிப்போன டீயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

டீயைக் குடித்து முடித்ததும் சென்னியப்பன் கேட்டார். "அவ வண்டியைப் பாக்காமயே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க எல்லாத்தையும் பாத்துட்டேன்னு சொன்னீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப வண்டியில பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு இந்த வயதில் இது எங்கிருந்து வந்தது என்று சென்னியப்பன் அன்றைக்கு மறுபடியும் வியந்தார். நமக்கும் அந்த வியப்புத்தான்.

அன்று பள்ளி விட்டதும் தரணிகாவை வண்டியோடு கூட்டி வந்தார். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அப்பாவின் சட்டையில் காய்ந்திருந்த வாழைக்கறையைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் வந்தாள்.

எஸ்தர் கருவியைத் தொடவில்லை. தள்ளி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"கீழ் வளைவைப் பிடி கண்ணு. விரலை நீட்டு" என்றார் சென்னியப்பன்.

தரணிகா நீட்டினாள். நகம்தான் லிவரில் பட்டது. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிவரை மூடியிருந்த ரப்பரை மடக்கினார். உள்ளே ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருகினால் லிவர் கைப்பக்கம் வரும். திருகினார்.

"இப்ப?"

"கொஞ்சம் எட்டுதுப்பா."

"இப்ப?"

"இன்னும் கிட்ட."

லிவர் கிட்டே வந்ததும் வேறு சிக்கல் வந்தது. கட்டை ரிம்மைப் பிடிப்பதற்கு முன்னாலேயே லிவர் ஹேண்டில்பாரில் போய் முட்டியது. அதனால் ஒயரை இழுத்து, கட்டைகளை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. பக்கத்தில் கொண்டுவந்ததும் ரிம்மில் இருந்த லேசான நெளிவு உரசியது. ஸ்போக்கை முறுக்கி அதை எடுத்தார். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நின்றது. அவர் சலிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மகளின் விரலை வைக்கச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்து, பிறகு திருகினார். தன் கையால் ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

கடைசியாக அவள் விரல் இரண்டும் நடுக்கணு வரை லிவரில் வளைந்து உட்கார்ந்தன. வண்டியை உருட்டி அழுத்தினாள். நின்றது. மறுபடி உருட்டி அழுத்தினாள். நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுதான் பிரேக்காப்பா?"

சென்னியப்பன் கருவியைக் கீழே வைத்தார். "கண்ணு, அன்னைக்கு அப்பா உன்னைப் பயம்னு..."

"பயமாத்தான்ப்பா இருந்துச்சு."

டயர் மேலிருந்து எஸ்தர் சொன்னார். "பயந்து மெதுவா வந்ததாலதான் முழங்கையோட போச்சு."

வெள்ளிக்கிழமை காலை தரணிகா மலை ஏறினாள். அப்பாவும் எஸ்தரும் பாதி மலையில், அவள் விழுந்த அதே வளைவில் காத்து நின்றார்கள். சென்னியப்பன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மேலே இருந்து லாரி சத்தம் வந்தால் எட்டிப் பார்ப்பார், மோட்டார் பைக் சத்தம் வந்தால் எட்டிப் பார்ப்பார்.

சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. அதனால் அவள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. திடீரென்று மேல் திருப்பத்தில் இருந்தாள். தோள் குறுகவில்லை. வளைவுக்கு முன்பே இரண்டு விரலால் அளவாகப் பிரேக் பிடித்தாள். வேகம் அடங்கியது. பிடியை விட்டாள். உடம்பைச் சாய்த்து வளைவுக்குள் போனாள், சாய்ந்தபடியே வெளியே வந்தாள், போய்விட்டாள். சாலையோரத்தில் நின்ற அப்பாவை அவள் பார்க்கக்கூட இல்லை.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். அவள் இத்தனை அழகாக ஓட்டுவாள் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

எஸ்தர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. "வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுட்டா, பாத்தீங்களா?" என்றார். "நல்லா ஓட்டறா."

கீழே பட்டறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது தரணிகா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பேரைக் குடுத்துருங்கப்பா" என்றாள்.

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் ஒரே கூட்டம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். தரணிகா தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதற்றம் இல்லை. பதற்றமெல்லாம் அப்பாவுக்கு. கயிற்றுக்கு வெளியே நின்றவர், பொறுக்க மாட்டாமல் குனிந்து உள்ளே வந்துவிட்டார். டயரைத் தட்டினார். சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே கை லிவருக்குப் போய்விட்டது.

அழுத்தினார். முகம் மாறியது. மறுபடி அழுத்தினார். எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது சரியில்லீங்க! லிவர் உள்ளங்கைக்குள்ளயே வந்துருச்சு. விரல் மடக்க எடமில்லீங்க. என்ற விரலே நசுங்குது, மலை எறக்கத்துல எப்படிங்க பிடிக்கும்? ஒரு சுத்து மட்டும் வெளிய விட்டுடறேன். ஒரே சுத்து."

பையிலிருந்து திருகைத் திருப்புகிற அலன் கீ வெளியே வந்துவிட்டது. லிவரை மூடியிருந்த ரப்பரை மடக்கிவிட்டார். தரணிகா வாரைப் பூட்டுவதை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அப்பா அல்லவா. முன்னால் விசில் வைத்திருந்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

எஸ்தர் குரலை உயர்த்தவில்லை.

"எறங்கப் போறது யாருங்கண்ணா?"

சென்னியப்பன் ரப்பரை இழுத்து மூடிவிட்டு, வண்டியிலிருந்து கையை எடுத்தார்.